கருங்கல்லும் காத்திருந்தோரும்

சட்டம் ஒன்று நடைமுறையில் இருக்கின்றது. அச்சட்டம் காட்டும் வழியே சென்று, அரசாங்கத்துக்குரிய நிலத்திலே கல் வெட்டுவதற்குக் குத்தகை வேண்டி ஒருவர் விண்ணப்பம் செய்கின்றார். கட்டவேண்டிய பணத்தைக் கட்டுகின்றார். காட்டவேண்டிய பத்திரங்களைக் காட்டுகின்றார். பின்னர் விடையை எதிர்பார்த்துக் காத்திருக்கின்றார். மாதங்கள் பல கழிகின்றன. விடை வருவதற்கு முன்னரே விதி மாறிவிடுகின்றது. இனித் தனியார் எவருக்கும் குத்தகை இல்லை என்று புதிய விதி கூறுகின்றது. இப்பொழுது அவருடைய விண்ணப்பத்தைத் தீர்க்கும் விதி எது? அவர் விண்ணப்பித்த நாளில் இருந்த விதியா? அன்றி, அதிகாரி அதனைக் கையிலெடுத்து முடிவு செய்யும் நாளில் இருக்கும் விதியா?

நேயர்களே, மன்னனின் விருப்பமே சட்டமாக விளங்கிய காலத்தில் இத்தகைய வினா எழுந்திருக்க முடியாது. நேற்று ஒன்றைத் தருவேன் என்ற மன்னன் இன்று தாரேன் என்றால், கேட்டவன் தன் விதியை நொந்து வீடு திரும்புவான், அவ்வளவே. ஆள்வோரும் சட்டத்துக்கு அடங்கியவர் என்னும் கொள்கை வேரூன்றிய பின்னரே, காத்திருப்பவனுக்கும் ஏதேனும் உரிமை உண்டோ என்று கேட்கும் நிலை தோன்றிற்று. எனவே இது வழக்கறிஞர்க்கு மட்டும் உரிய நுணுக்கம் அன்று. குடிமகனுக்கும் அரசாங்கத்துக்கும் இடையே உள்ள உறவின் வரலாற்றில் இதற்கும் ஓர் இடம் உண்டு. அவ்வரலாற்றைத் தமிழ்நாட்டுக் கருங்கல் ஒன்றை முன்னிறுத்தி இங்கு ஆராய்வோம்.

முதலில் அக்கல்லின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். வணிகர் அதனைக் கறுப்புக் கிரனைட்டு என்பர். நிலவியலறிஞரோ அதனைக் கிரனைட்டு என்று ஒப்புக்கொள்வதில்லை. அதிற் பெரும்பகுதி டொலரைட்டு என்னும் வேறு இனப் பாறை என்பது அவர் துணிபு. மிகப் பழங்காலத்தில், நிலத்தின் அடியிலிருந்து எழுந்த பாறைக்குழம்பு மூத்த பாறைகளின் வெடிப்புக்களினூடே ஏறி, அங்கேயே குளிர்ந்து, நெடுஞ்சுவர்கள் போல உறைந்து நின்றது. இன்று தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் என வழங்கும் மாவட்டங்களில் இத்தகைய கற்சுவர்கள் உள்ளன. மெருகிட்டால் கண்ணாடி போல முகங்காட்டும் கல் இது. மாளிகைகளின் முகப்புக்கும் கல்லறைகளின் தலைக்கல்லுக்கும் இதனை வேண்டிப் பிறநாட்டார் நல்ல விலை கொடுத்தனர்.

விலை மிகுந்த பொருளுக்கு வரும் இடர் இதற்கும் வந்தது. வெடிப்பும் வடுவும் இல்லாத பெரிய பாளங்களுக்கே வெளிநாட்டுச் சந்தையில் மதிப்பு. ஒரு நல்ல பாளத்தை எடுக்க வேண்டிப் பல பாளங்கள் உடைத்தெறியப்படும். குறுகிய காலக் குத்தகை பெற்றவன், தன் காலம் முடிவதற்குள் எளிதாக எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு, அடியில் உள்ளதைக் கழிவால் மூடிவிட்டுப் போவதற்கே தூண்டப்படுவான். வெட்டிய மரத்தின் இடத்தில் மரம் மீண்டும் முளைக்கும். வெட்டிய கல் மீண்டும் முளைப்பதில்லை.

இனி, சட்டத்தின் நிலையைக் காண்போம். இந்தியப் பாராளுமன்றம் 1957 ஆம் ஆண்டில் சுரங்கங்களையும் கனிமங்களையும் ஒழுங்குபடுத்தி வளர்ப்பதற்கென ஒரு சட்டத்தை இயற்றியது. பொதுநலன் கருதிக் கனிமங்களின் கட்டுப்பாட்டை மத்திய அரசாங்கம் ஏற்கின்றது என்று அச்சட்டம் அறிவித்தது. எனினும், கட்டடக்கல், சரளை, சாதாரணக் களிமண், சாதாரண மணல் முதலியவை சிறு கனிமங்கள் எனப் பிரிக்கப்பட்டன. அவற்றுக்குரிய குத்தகை விதிகளை ஆக்கும் அதிகாரத்தை அச்சட்டத்தின் 15 ஆம் பிரிவு மாநில அரசாங்கங்களிடம் ஒப்படைத்தது. அந்த அதிகாரத்தைக் கொண்டு 1959 ஆம் ஆண்டில், அன்று சென்னை மாநிலம் எனப் பெயர் பெற்றிருந்த தமிழ்நாடு தன் சிறு கனிம விதிகளை வகுத்தது. அவ்விதிகளின்கீழ்க் கறுப்புக் கல்லுக்குத் தனியாரும் குத்தகை பெற்று வந்தனர்.

1977 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் இந்நிலை மாறிற்று. அவ்விதிகளுள் 8-சி என்னும் எண்ணோடு புதியதொரு விதி சேர்க்கப்பட்டது. கறுப்புக் கிரனைட்டு வெட்டுவதற்குத் தனியாருக்கு இனிக் குத்தகை வழங்கப்படமாட்டாது. அரசாங்கம் தானே அத்தொழிலை நடத்தலாம். அல்லது முற்றாக அரசாங்கத்துக்கே சொந்தமான கூட்டுத்தாபனத்துக்குக் குத்தகை வழங்கலாம். இதுவே அவ்விதியின் சாரம். தனியாருடைய காணியில் கல் இருக்குமாயின், காணிக்காரரின் இசைவைப் பெறவேண்டும் என்ற ஒரு பாதுகாப்பும் அதில் இருந்தது.

அந்நாளில் அரசாங்கத்தின் முன் முடிவு செய்யப்படாத விண்ணப்பங்கள் பல கிடந்தன. சில புதிய குத்தகை கேட்டவை. சில, முடிந்துபோன குத்தகையைப் புதுப்பிக்க வேண்டியவை. புதுப்பிக்கக் கேட்டவர்கள் அவ்விடங்களில் ஏற்கெனவே தொழில் செய்தவர்கள். இரு திறத்தாரும் பழைய விதியின்படியே விண்ணப்பித்தவர்கள். புதிய விதியோ இரு திறத்தாரையும் ஒரே சொல்லால் வெளியே நிறுத்திற்று.

அவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். அந்நீதிமன்றம் அவர்கள் பக்கமே நின்றது. ஒழுங்குபடுத்துவதற்கு அளிக்கப்பட்ட அதிகாரத்தைக் கொண்டு தனியாரை முற்றாக விலக்கி, அரசாங்கம் தனக்கே ஏகபோகத்தை ஆக்கிக்கொள்ளல் ஆகாது என்று அது கருதியது. மேலும், விண்ணப்பங்களை நெடுங்காலம் தீர்க்காமல் வைத்திருந்து, பின்னர் வந்த விதியைக் காட்டி அவற்றைத் தள்ளுவதும் முறையன்று என்று அது கூறிற்று. இவ்விரண்டாவது கருத்து, நடுவுநிலையோடு நோக்கும் எவருடைய நெஞ்சையும் தொடக்கூடியது. தாமதித்தவர் ஒருவர், அத்தாமதத்தின் பயனையும் அவரே பெறுவதா? எனினும் வழக்கு அவ்வளவில் முடியவில்லை. மாநில அரசாங்கம் இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்தது.

அம்மேன்முறையீட்டின் முடிவை நோக்குமுன், இவ்வினா உலகிலே முதன்முதலாக எழுந்த வினா அன்று என்பதை நினைவுகூர்தல் தகும். பிரித்தானியப் பேரரசின் பல பாகங்களிலிருந்து இலண்டனில் உள்ள பிரிவி கவுன்சிலுக்கு, அதாவது கோமறைக் கழகத்துக்கு, இதனோடு ஒத்த வழக்குகள் சென்றுள்ளன. அவற்றுள் மூன்றை மட்டும் இங்குக் குறிப்போம்.

முதலாவது, அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சிலிருந்து சென்று 1895 ஆம் ஆண்டில் தீர்ந்த வழக்கு. அங்கு 1861 ஆம் ஆண்டுக் காணிச் சட்டத்தின்கீழ் முடிக்குரிய காணியை வாங்கிய ஒருவர், அதனை அடுத்துள்ள காணியையும் வாங்குவதற்கு வாய்ப்புப் பெற்றிருந்தார். அவ்வாய்ப்பை அவர் பயன்படுத்துமுன் 1884 இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. பழைய சட்டத்தின்கீழ் ஏற்பட்ட உரிமைகள் அழியா என்று புதிய சட்டத்தில் ஒரு வாசகம் இருந்தது. தம் வாய்ப்பும் அத்தகைய உரிமையே என்றார் அவர். அது பொருந்தாது என்றது கழகம். ஒரு சட்டத்தின் பயனைப் பெற முன்வரலாம் என்று எல்லாருக்கும் பொதுவாக இருக்கும் வாய்ப்பு வேறு. அப்பயனைப் பெறுவதற்கு ஒருவர் செய்ய வேண்டியதைச் செய்து ஈட்டிக்கொண்ட உரிமை வேறு என்பது அத்தீர்ப்பின் கருத்து.

இரண்டாவது, ஹொங்கொங்கிலிருந்து சென்று 1961 இல் தீர்ந்த வழக்கு. பழைய கட்டடத்தை இடித்துப் புதிது கட்ட விரும்பிய ஒருவர், குடியிருப்போரை வெளியேற்றுவதற்கு வேண்டிய சான்றிதழை அதிகாரியிடம் கேட்டார். அதிகாரியும் அதனை வழங்கக் கருதியிருப்பதாக அறிவித்தார். குடியிருப்போர் ஆளுநருக்கு முறையீடு செய்தனர். அம்முறையீடு நிலுவையில் இருந்த வேளையில், 1957 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், சான்றிதழ் வழங்கும் ஏற்பாட்டையே சட்டத்திலிருந்து நீக்கிவிட்டனர். பிறகு வழங்கப்பட்ட சான்றிதழ் செல்லுமா? செல்லாது என்றது கழகம். அது காட்டிய வேறுபாடு கருதற்பாலது. ஏற்கெனவே ஒருவனுக்கு இருக்கும் உரிமையைப் பற்றி நடத்தும் விசாரணை ஒரு வகை. ஒருவனுக்கு உரிமை ஒன்றைக் கொடுக்கலாமா, கூடாதா என்று தீர்மானிப்பதற்கு நடத்தும் விசாரணை மற்றொரு வகை. முன்னையது சட்டம் நீங்கிய பின்னும் தொடரும். பின்னையது சட்டத்தோடு சேர்ந்தே ஒழியும். ஏனெனில் அங்கு இருந்தது உரிமை அன்று, நம்பிக்கையே. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று நம் மக்கள் கூறும் நிலை அது.

மூன்றாவது வழக்கு நம் இலங்கையிலிருந்து சென்றது. இலங்கையின் மேன்முறையீடுகள் இலண்டனுக்குச் சென்ற காலத்தில், 1964 ஆம் ஆண்டளவில் அது தீர்க்கப்பட்டது. மோட்டார் விபத்தொன்றிற் காயமுற்றவர் ஒருவர், வாகனத்தின் காப்புறுதிக் கம்பனியிடமிருந்து நட்டஈடு பெற முனைந்தார். விபத்து நிகழ்ந்தபொழுது நடைமுறையில் இருந்தது 1938 ஆம் ஆண்டு மோட்டார்க் கட்டளைச் சட்டம். அவர் தம் உரிமையை முழுமையாக நிலைநாட்டுமுன் 1951 ஆம் ஆண்டின் புதிய சட்டம் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. பழைய சட்டத்தின்கீழ் அவருக்கு இருந்தது வெறும் நம்பிக்கைதானே என்று கம்பனி வாதித்தது. கழகம் அதனை ஏற்கவில்லை. அவரிடம் இருந்தது நம்பிக்கையினும் மேலானது. முழுமை பெறாததும் பின்நிகழ்ச்சிகளைப் பொறுத்து நிற்பதும் ஆயினும், அஃது உரிமையே என்று தீர்ப்பளித்தது. நமது பொருள்கோடற் கட்டளைச் சட்டம், நீக்கப்பட்ட சட்டத்தின்கீழ் எய்திய உரிமைகளைக் காப்பதன் பயன் இங்கு விளங்கிற்று. உரிமைக்கும் உரிமையல்லாததற்கும் இடையேயுள்ள கோடு பல வேளைகளில் மிக மெல்லியது என்பதையும் அக்கழகம் மறைக்கவில்லை.

இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். காயமுற்றவரின் நட்டஈடு எவருடைய கருணையையும் சார்ந்து நிற்கவில்லை. நடந்தவற்றை மெய்ப்பித்தால் சட்டமே அதனை அவருக்கு அளிக்கும். மற்றை இருவரின் நிலை அத்தகையதன்று. காணி வாங்க வாய்ப்பிருந்தவர் அதற்கு வேண்டிய செயலையே இன்னும் செய்திருக்கவில்லை. சான்றிதழ் கேட்டவரோ பிறர் ஒருவர் எண்ணிப் பார்த்துத் தரவேண்டிய ஒன்றுக்குக் காத்திருந்தார். முடிவு இன்னும் செய்யப்படாத வரையில் அவர் கையில் எதுவும் வந்துசேரவில்லை.

குத்தகை கையில் உள்ளவரின் நிலை யாது என்பதையும் அறிதல் வேண்டும். பீகார் மாநிலத்தில் எழுந்த வழக்கொன்றை இந்திய உச்ச நீதிமன்றம் 1969 ஆம் ஆண்டில் தீர்த்தது. முன்னரே குத்தகை பெற்றிருந்தோரின் ஒப்பந்த நிபந்தனைகளை மாநில அரசாங்கம் பின்வந்த விதியொன்றால் மாற்ற முயன்றது. பிரதம நீதியரசர் இதயத்துல்லா வழங்கிய தீர்ப்பு அம்முயற்சியைச் செல்லாததாக்கிற்று. ஒருவர் பெற்றுவிட்ட உரிமையை எடுப்பதாயின், அதற்கு அதிகாரமுடைய சட்டமன்றத்தின் தெளிவான சட்டம் வேண்டும். நிருவாகத்தின் விதி ஒன்று போதாது என்பது அதன் பொருள். ஆகவே, குத்தகைப் பத்திரம் பெற்றவர் ஒரு கரையிலும், குத்தகைக்குக் காத்திருப்பவர் மறுகரையிலும் நிற்கின்றனர்.

இனி, கருங்கல் வழக்கின் முடிவுக்கு வருவோம். 1981 ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்தில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பை நீதியரசர் சின்னப்ப ரெட்டி எழுதினார். வழக்கில் ஈடுபட்ட நிறுவனம் ஒன்றின் பெயரால் அது ஹிந்த் ஸ்டோன் வழக்கு என வழங்குகின்றது. ஆறுகளும் காடுகளும் கனிமங்களும் நாட்டின் செல்வம். அவற்றை ஒரு தலைமுறையே தின்று தீர்த்தல் ஆகாது. வருகின்ற தலைமுறைகளுக்காக அவற்றைப் பேணும் கடமை ஒவ்வொரு தலைமுறைக்கும் உண்டு என்னும் கருத்தோடு அத்தீர்ப்பு தொடங்குகின்றது.

அந்நோக்கு நிலையிலிருந்து நீதிமன்றம் நான்கு முடிவுகளுக்கு வந்தது. ஒழுங்குபடுத்தும் அதிகாரம், வேண்டுமிடத்துத் தடைசெய்யும் அதிகாரத்தையும் தன்னுள் அடக்கும் என்பது முதலாவது. கனிமத்தைப் பேணுவதற்குத் தனியாரை விலக்குவது தேவையென அரசாங்கம் கருதின், அது விதியாக்கும் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டதன்று. அரசாங்கமும் தனியாளும் ஒரே நிலையில் நிற்பவரல்லர். அரசாங்கம் எடுப்பது பொதுமக்களின் பொருட்டே என்பது இரண்டாவது. புதுப்பித்தல் என்பது உண்மையில் மற்றொரு காலத்துக்குப் புதிய குத்தகை வழங்குவதே. ஆதலால் புதுப்பிக்கக் கேட்டவருக்கும் புதிய விதி பொருந்தும் என்பது மூன்றாவது.

நான்காவது முடிவே நமது வினாவுக்கு விடை. குத்தகை பெறுவதற்கு எவருக்கும் முன்கூட்டியே எய்திய உரிமை கிடையாது. ஆகவே, வேறுவிதமாக விதிக்கப்படாத இடத்து, விண்ணப்பத்தை முடிவு செய்யும் நாளில் நடைமுறையில் உள்ள விதியின்படியே அது தீர்க்கப்படல் வேண்டும். தாமதம் ஏற்பட்டதே என்ற வாதத்துக்கும் நீதிமன்றம் விடை கூறிற்று. விண்ணப்பங்களை ஏற்றதொரு கால எல்லைக்குள் தீர்க்கவேண்டியது அரசாங்கத்தின் கடமை என்பது உண்மை. ஆனால் அக்கடமை தவறியதனால், விண்ணப்பித்த நாளின் விதியையே பிடித்துக்கொள்ளும் உரிமை ஒன்று விண்ணப்பகாரருக்குப் பிறந்துவிடாது.

இத்தீர்ப்பு இந்தியாவில் அதன்பின் நிலைபெற்ற கொள்கையாயிற்று. கல்லைப் பற்றி எழுந்த கொள்கை வேறு துறைகளிலும் எடுத்தாளப்பட்டது. 2023 ஆம் ஆண்டிலும், இராசத்தானத்துச் சிறு கனிம விண்ணப்பங்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனையே மீண்டும் உறுதிப்படுத்திற்று.

ஆயினும் வரலாற்றை நேர்மையோடு படிப்பவர் இங்கேயே நின்றுவிடல் ஆகாது. நியூ சவுத் வேல்சிலும் ஹொங்கொங்கிலும் சட்டத்தை மாற்றியவர் அம்மாற்றத்தால் தாம் இலாபம் பெற நின்றவரல்லர். கருங்கல் வழக்கிலோ அரசாங்கம் நான்கு வேடங்களைத் தாங்கி நின்றது. கல்லின் உடைமையாளரும் அதுவே. விதியை ஆக்கியவரும் அதுவே. விண்ணப்பத்தைத் தீர்ப்பவரும் அதுவே. விதி மாற்றத்தால் தொழிலைப் பெறவிருந்த கூட்டுத்தாபனத்தின் சொந்தக்காரரும் அதுவே. இத்தகைய நால்வகை அதிகாரமும் ஓரிடத்தில் திரண்டிருப்பதை நீதிமன்றம் அனுமதித்ததற்குக் காரணம் ஒன்றே. அரசாங்கம் தனக்காகச் செயலாற்றவில்லை. பிறந்தோருக்கும் பிறக்கப்போவோருக்கும் அறங்காவலராய் நின்று செயலாற்றுகின்றது என்னும் நம்பிக்கையே அக்காரணம். அந்நம்பிக்கை பொய்யாகுமிடத்து அவ்வதிகாரத்தின் அடிப்படையும் ஆட்டங்காணும் என்பதை நாம் மறத்தல் கூடாது.

பின்வந்த நிகழ்ச்சிகள் அந்நம்பிக்கையைச் சோதனைக்கு உள்ளாக்கின. அதே தமிழ்நாட்டு விதிகளுள் 39 ஆம் விதி, கனிம வளர்ச்சியும் பொதுநலனும் கருதி, மற்றை விதிகளுக்குப் புறம்பாகவும் குத்தகை வழங்கும் அதிகாரத்தை அரசாங்கத்துக்கு அளித்தது. முன்வாசலைச் சாத்திய வீட்டுக்காரர் பக்கவாசலின் திறப்பைத் தம் மடியில் வைத்திருந்தது போன்றது இது. உயர் நீதிமன்றம் அவ்விதியை ஏற்க மறுத்தது. உச்ச நீதிமன்றமோ 1994 இல் அது செல்லுமென்றது. அவ்வதிகாரம் பொதுநலனுக்கென்றே பயன்படல் வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு.

மதுரை மாவட்டத்தில் நிகழ்ந்தவையும் நினைவுக்கு வருகின்றன. அங்கு வெட்டப்பட்டது கறுப்புக் கல் அன்று. வேறு நிறக் கிரனைட்டு. 2012 ஆம் ஆண்டில், சட்டத்துக்கு மாறாக அங்குப் பெருமளவிற் கல் வெட்டப்படுகின்றது என்னும் குற்றச்சாட்டு, மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம் அவர்கள் அரசாங்கத்துக்கு அனுப்பிய அறிக்கையோடு நாடெங்கும் பேசப்பட்டது. 2014 இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு நியமித்தது. 2015 ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தம் அறிக்கையை அளித்தார். கனிமத்தைப் பேணுதற்கென்று கடுமையான விதியை முன்னர் வகுத்த மாநிலத்திலேயே இத்தகைய விசாரணை வேண்டியதாயிற்று. விதியை எழுதுவதால் மட்டும் கல் காக்கப்படுவதில்லை. விதியைக் கையாளும் கைகளும் தூயனவாயிருத்தல் வேண்டும்.

இன்னொரு பாடத்தை 2015 ஆம் ஆண்டு தருகின்றது. நிலக்கரி வயல்களை அரசாங்கம் தன் விருப்பப்படி பங்கிட்டளித்த முறையைச் சட்டத்துக்கு மாறானதெனக் கண்ட உச்ச நீதிமன்றம், 2014 செப்டெம்பரில் 204 ஒதுக்கீடுகளை இரத்துச் செய்தது. அதனை அடுத்து, 2015 சனவரி 12 முதல், 1957 ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டது. பெருங்கனிமங்களின் குத்தகைக்கு ஏலமே வழி என்றாயிற்று. அன்றுவரை நிலுவையில் இருந்த விண்ணப்பங்கள் யாவும் தகுதியற்றவையாகும் என்று திருத்தம் பொதுவிதி கூறிற்று. ஒரு நாளில் நாடெங்கும் உள்ள காத்திருப்போர் வரிசை கலைக்கப்பட்டது.

ஆனால், அத்திருத்தம் எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மத்திய அரசாங்கத்தின் முன்அனுமதி அறிவிக்கப்பட்டவர்களும், குத்தகை வழங்கும் எண்ணத்தைத் தெரிவிக்கும் கடிதத்தை மாநில அரசாங்கத்திடமிருந்து பெற்றவர்களும், தேடுதல் அனுமதி பெற்று நிலத்தில் பணமும் உழைப்பும் செலவிட்டவர்களும் விதிவிலக்காக வைக்கப்பட்டனர். 2021 ஆம் ஆண்டு மீண்டும் செய்யப்பட்ட திருத்தத்தால், தேடுதல் அனுமதியாளருக்கு எஞ்சியிருந்த அவ்வுரிமையும் முடிவுற்றது. எனினும், அவர்கள் தேடுதலுக்குச் செலவிட்ட பணத்தை மீளக் கொடுப்பதற்கு அத்திருத்தம் இடம்வைத்தது.

நேயர்களே, இவ்வேற்பாட்டிலே நாம் தேடிய நீதியின் சாயல் தென்படுகின்றது. நம்பிக்கைக்கும் உரிமைக்கும் இடையே ஒரு கோடு மட்டும் கிழித்து, அக்கோட்டின் இப்பக்கம் உள்ளவனுக்கு எல்லாம், அப்பக்கம் உள்ளவனுக்கு ஒன்றுமில்லை என்று கூறுவது நீதிமன்றத்துக்குத் தவிர்க்கவியலாத முறையாக இருக்கலாம். சட்டம் இயற்றுவோருக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை. நேற்று விண்ணப்பித்தவனையும், வாக்குறுதிக் கடிதம் பெற்றவனையும், அரசாங்கத்தின் அனுமதியை நம்பி நிலத்தைத் துளையிட்டு ஆராய்ந்தவனையும் அவர்கள் தரம் பிரித்துப் பார்க்கலாம். எண்ணத்தை மாற்றிக்கொள்ளும் அரசாங்கம், தன் சொல்லை நம்பிச் செலவு செய்தவனுக்கு அச்செலவையேனும் திருப்பித் தருவது அதன் பெருமையைக் குறைக்காது.

காத்திருப்பவனுக்கு உரிமையே இல்லை என்று முடிவு கட்டுவதும் பிழையாகும். கேட்ட பொருளைப் பெறும் உரிமை அவனுக்கு இல்லை. ஆனால் கேட்டதற்குக் காலத்தில் விடை பெறும் உரிமை உண்டு. பொருள் எவருக்குப் போகின்றதோ அவருக்கு விதியின்படி போகின்றதா என்று வினவும் உரிமையும் உண்டு. தாமதம் நேரும்பொழுதே, விடை கூறுமாறு பணிக்கும்படி அவன் நீதிமன்றத்தை நாடலாம். விதி மாறிய பின்னர் நாடின், நீதிமன்றம் அவனுக்கு இரங்கலாம். பழைய விதியை மீட்டுத் தராது. ஒருவரைக் கெடுப்பதற்கோ ஒருவருக்குக் கொடுப்பதற்கோ வேண்டுமென்றே விண்ணப்பம் தாமதிக்கப்பட்டதென மெய்ப்பிக்கப்படின், அங்கு அரசாங்கத்துக்கும் பாதுகாப்பு இல்லை. தீய நோக்கோடு செலுத்திய அதிகாரம் அதிகாரமாகாது என்பது பொதுச் சட்டத்தின் பழைய நெறி.

விதியை மாற்றும் அதிகாரம் அரசாங்கத்துக்கு வேண்டியதே. அஃது இல்லையேல், நேற்று ஒருவர் நீட்டிய தாள் ஒன்று நாளைய தலைமுறையின் மலையைக் கட்டிப்போட்டுவிடும். ஆயிரம் பேர் முந்திக்கொண்டு விண்ணப்பித்துவிட்டால், தவறென்று கண்ட விதியை அவர்கள் அனைவரும் பெற்று முடிக்கும்வரை நாடு சுமக்க நேரிடும். ஆதலால் 1981 ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அடிப்படை வலிமையுடையது. ஆனால் அவ்வதிகாரம் மலையைக் காப்பதற்கென்று அளிக்கப்பட்டது. மலை காக்கப்படவில்லையாயின், காத்திருந்தவரை எதன்பொருட்டுத் திருப்பியனுப்பினோம் என்னும் கேள்விக்கு அரசாங்கம் விடை கூறியாகவேண்டும். அக்கேள்வியைக் கேட்பதற்கு விண்ணப்பம் எதுவும் தேவையில்லை. குடிமகனாக இருத்தலே போதும்.